பழைய ஃபிளாட்டில் உள் இடிப்பு: யாரிடம் கொடுப்பது?

நங்கநல்லூர்வாசி:
1988இல் கட்டிய அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் பத்துக்குப் பத்து சுவரை எடுக்கணும். கூடவே கடப்பா கல் மேடை, ஒரு பாத்ரூம் டைல்ஸ். ஏரியா மேஸ்திரி 28,000 கேட்கிறார், ரப்பிஷ் தனி. ஒரு காண்ட்ராக்டர் எல்லாம் சேர்த்து 55,000, ஆனால் "பழைய தேக்குக் கதவையும் கிரில்லையும் எங்களுக்கு விட்டுடுங்க சார்" என்கிறார். கீழ்வீட்டு மாமி இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். யாரைப் பிடிக்கலாம்?

தாம்பரம் சைட் எஞ்சினியர்:
28,000 மலிவு இல்லை சார். இடிப்பது சுலபம், இறக்குவதுதான் வேலை. நாலரை இஞ்ச் சுவர் அந்த அளவுக்குப் பூச்சோடு சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும். சாக்குக்கு 40 கிலோ என்றால் ஐம்பது, அறுபது மூட்டை. மேடை, டைல்ஸ் எல்லாம் இதற்கு மேல். அத்தனையும் தலைச்சுமையாகப் படியிறங்கணும். "ரப்பிஷ் மூட்டைக் கணக்கா, லோடு கணக்கா? எங்கே கொட்டுவீங்க?" என்று மேஸ்திரியைக் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஏரிக்கரைக்குப் போகிறது என்று அர்த்தம். கட்டட இடிபாடுகளைப் பிரித்து அரைக்க மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நிலையங்கள் இருக்கின்றன. மாநகராட்சியின் 1913 என்ற ஹெல்ப்லைன் நம்பரில் கூப்பிட்டு, எப்படி அனுப்புவது என்று கேளுங்கள்.

இன்னொன்று, உடைத்ததை ரூம் நடுவில் குவிக்க விடாதீர்கள். வீட்டுத் தளத்தில் ஆள், சாமான் பாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோதான் கணக்கு. ஒரு அடி உயரத்துக்கு இடிபாடு குவிந்தால் அதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். அன்றன்றைக்கே மூட்டை கட்டி இறக்கணும்.

முதலில் சுவரை டேப் வைத்து அளங்கள். பூச்சோடு ஒன்பது, பத்து இஞ்ச் வந்தால் தளமே அதன் மேல் உட்கார்ந்திருக்கலாம், கை வைக்கக் கூடாது. மெல்லிய சுவராக இருந்தாலும், மேலே பீம் இருக்கிறதா, மேல்வீட்டுச் சுவர் எதன் மேல் நிற்கிறது என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அசோசியேஷனும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்கும்.

ஆளைச் சோதிக்க ஒரே கேள்வி: அந்தச் சுவரில் லாஃப்ட் இருந்தால் எதை முதலில் எடுப்பீங்க?

மூன்றாவது மாடிக்காரி:
பாத்ரூமில் பிரேக்கர் மெஷின் போட விடாதீர்கள், உளி சுத்தியல்தான். எங்கள் பக்கத்து பிளாக்கில் மெஷின் போட்டு, தரைக்குள் போகும் பைப் விரிந்து, கீழ்வீட்டு சீலிங் முழுக்க ஓதம். டைல்ஸை எடுத்தாலே பழைய வாட்டர்ப்ரூஃபிங் போச்சு என்று வைத்துக்கொண்டு, புதிதாகப் போடும் செலவையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னால் மாமி வீட்டு சீலிங்கை மாமியை வைத்துக்கொண்டே வீடியோ எடுங்கள். பழைய விரிசல் எது, புது விரிசல் எது என்று அப்புறம் பஞ்சாயத்து இருக்காது.

தேக்குக் கதவைப் பழைய மரம் வாங்கும் கடையில் விலை கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த 55,000க்குள் கதவு விலையும் ஒளிந்திருக்கிறது!

நங்கநல்லூர்வாசி:
அளந்தேன், பூச்சோடு ஆறு இஞ்ச். லாஃப்டும் அதே சுவரில்தான். மேஸ்திரி, "சுவரைத் தட்டினா லாஃப்ட் தானா வந்துடும் சார்" என்கிறார். காண்ட்ராக்டர், லாஃப்டுக்கு முட்டு கொடுத்து அதைத்தான் முதலில் எடுப்பாராம்.

தாம்பரம் சைட் எஞ்சினியர்:
தானா வரும், கீழே நிற்கிற சித்தாள் மேலே வரும். லாஃப்டுக்கு மேலே இருக்கும் சுவரின் பாரம்தான் அதைக் கவிழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காண்ட்ராக்டரிடமே கொடுங்கள், ஆனால் கதவு உங்களுக்கு என்று சொல்லி ரேட்டை மறுபடி பேசுங்கள். ரப்பிஷ், லாஃப்ட், முட்டு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கடைசித் தவணை, கடைசி மூட்டை வண்டி ஏறின பிறகு.