99 ஏபிஓ-வுக்கு தீபாவளிப் பலகாரம் அனுப்பணும், உடையாம போய்ச் சேருமா?

குடியாத்தம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல நாயக்-ங்கற ரேங்க்ல இருக்காரு. கல்யாணம் ஆகி ரெண்டாவது தீபாவளி வருது, ரெண்டுக்குமே லீவு இல்லை. போன வருஷம் மாமியாரும் நானும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடுப்படியில உக்காந்து அதிரசம், கைமுறுக்கு, ரவா லட்டு எல்லாம் செஞ்சு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கூரியர்ல குடுத்தோம். "ஊர் பேரே இல்லையேம்மா"ன்னு கேட்டாங்க. அவர் குடுத்த விலாசம் அப்படித்தான், 99 ஏபிஓ-வோட முடிஞ்சிடும். கடைசியில "போயிடும், போயிடும்"னு காசை வாங்கிட்டாங்க. பத்தொன்பதாவது நாள் பார்சல் எங்க வாசலுக்கே திரும்பி வந்துச்சு. முறுக்கு நொறுங்கி மாவாப் போச்சு, லட்டு பூராவும் பூசணம். மாமியார் ஒரு வார்த்தை பேசலை. தூளை அள்ளிக் கோழிக்குப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

இந்த வாட்டி எதுல அனுப்பறது, எப்படிக் கட்டறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அஞ்சு கிலோ வரும். அவருக்கு ரவா லட்டுன்னா உசுரு, அதையும் வைக்கணும்.

பழைய ஹவில்தார்:

அம்மாடி, முதல்ல ஒண்ணு. அவர் எங்க இருக்காருன்னு நீ இங்க எழுதலை பாரு, அது ரொம்ப சரி. யார் கேட்டாலும் எழுதாதே. டப்பா மேலயும் எழுதாதே.

ஏபிஓ-ங்கறது ஊர் இல்லை, ஆர்மி போஸ்ட் ஆபீஸ், அதாவது ராணுவத் தபால் ஆபீஸ். நீ ஓர் இடத்துக்கு அனுப்பலை, ஒரு யூனிட்டுக்கு அனுப்பறே. யூனிட் இன்னைக்கு ஒரு மலையில இருக்கும், அடுத்த வருஷம் வேற எங்கயோ இருக்கும், விலாசம் பின்னாடியே போகும். 56 ஏபிஓ-ன்னா தபால் டெல்லியில இருக்குற ராணுவத் தபால் தலைமையிடத்துக்குப் போய்ப் பிரியும். 99-னா கொல்கத்தா. அங்கிருந்து பட்டாளத்துத் தபாலாளுங்க கொண்டு போவாங்க. தனியார் கூரியர் அந்த கேட்டுக்குள்ள நுழைய முடியாது, அதான் உன் பார்சல் திரும்பிடுச்சு. தபால் ஆபீஸ் ஒண்ணுதான் வழி. ஸ்பீட் போஸ்ட்ல போடு.

விலாசம் இப்படி எழுது: ராணுவ எண், ரேங்க், பேரு, கம்பெனி (யூனிட்டுக்குள்ள அவர் இருக்குற பிரிவு), யூனிட், பின்கோடு, கேர் ஆஃப் 99 ஏபிஓ. பின்கோடு 9-ல ஆரம்பிக்கணும், அந்த 9 பட்டாளத்துக்குன்னே ஒதுக்கினது. வேற நம்பர்ல ஆரம்பிச்சா அவரைத் திரும்பக் கேளு. எண்ல ஒரு இலக்கம் தப்பினாலும் வம்புதான். எங்க கம்பெனியில செல்வராஜ்னு மூணு பேரு. அதே விலாசத்தை ஒரு சீட்டுல எழுதி டப்பாவுக்குள்ளயும் போடு. மேல ஒட்டினது கிழிஞ்சாலும் உள்ள இருக்கும்.

நான் சிக்கிம்ல இருந்தப்போ ஒரு பொங்கலுக்கு அம்மா அனுப்பின தேன்குழல் மாசி பாதியில வந்துச்சு. அதுக்குள்ள எண்ணெய் காறிப்போய், ஆனாலும் ஒரு துண்டு மிச்சம் வைக்கலை நாங்க. அதனால சீக்கிரம் அனுப்பு. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போதே கவுன்டர்ல குடுத்துடணும்.

கோவில்பட்டிக்காரி:

தாயி, ரவா லட்டை மறந்துடு. பாலும் தேங்காயும் சேர்ந்தது எதுவும் அவ்வளவு தூரம் தாங்காது. எங்க ஊரு கடலைமிட்டாய் வாங்கிப் போடு, இல்லன்னா பொரிவிளங்கா உருண்டை பிடி. பயறு, அரிசி எல்லாத்தையும் வறுத்துத் திரிச்சு, வெல்லப்பாகு கெட்டியாக் காச்சிப் பிடிக்கணும். கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு மாசமானாலும் ஒண்ணும் ஆகாது. கீழ விழுந்தா தரைதான் உடையும்! அதிரசமும் தாங்கும், ஆனா சுட்டதும் எண்ணெயை நல்லா ஒட்ட அமுக்கி எடுத்துடு.

முறுக்கு அனுப்பித்தான் ஆகணும்னா, ஒரு ராத்திரி முழுக்க ஆற வை. சூட்டோட மூடினா உள்ளயே வேர்த்து நமுத்துப் போகும். வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பாவுல அடுக்கி, சந்துல எல்லாம் பொரியைக் கொட்டு. டப்பாவைக் குலுக்கினா சத்தமே வரக் கூடாது, அதுவரைக்கும் கொட்டு. பேப்பரை விட பொரி தேவலை, வெங்காயம் பச்சைமிளகா அரிஞ்சு போட்டு அதையும் தின்னுடலாம்லா. டப்பாவை அட்டைப்பெட்டியில வச்சு மேல காடாத்துணி போட்டுக் கோணி ஊசியால தச்சுடு. எங்க மூத்தவனுக்கு நாலு வருஷமா இப்படித்தான் போகுது. ஒரு தடவை எண்ணெய்ப் பலகாரத்தோட சோப்பையும் வச்சுட்டேன், "ஏம்மா, சீடையில மல்லிகைப்பூ வாசனை"ன்னு போன்ல சிரிச்சான்.

குடியாத்தம் மருமகள்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. மாமியார்கிட்ட உருண்டைன்னு சொன்னதும் உரலைக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. இன்னொண்ணு, சென்ட் பாட்டிலும் ஒரு பெட்டி மத்தாப்பும் வைக்கலாமா? அவர் கேட்டாரு.

பழைய ஹவில்தார்:

ரெண்டும் கூடாது. மத்தாப்பு, லைட்டர், தீப்பெட்டி, அமுக்கிப் பீய்ச்சுற சென்ட் எதையும் தபால்ல வைக்காதே. பிளேன்ல போற பார்சல். அவருக்கே அது தெரியும், சும்மா உன்னைச் சீண்டியிருப்பாரு. இன்னொண்ணு: பலகாரத்தைப் பாலிதீன் கவர்ல போட்டா காத்தை நல்லா பிதுக்கி எடுத்துட்டு ஒட்டு. உயரத்துக்குப் போகப் போக கவர் பலூன் மாதிரி உப்பி வாய் பிரிஞ்சிடும். அளவையும் கொஞ்சம் கூட்டிச் செய். அவரு ஒருத்தர் சாப்பிடப் போறதில்லை, பேரக்ஸ்ல, அதான் ஜவான்கள் தங்குற கொட்டடியில, இருக்குற எல்லாரும் கை நீட்டுவாங்க.

குடியாத்தம் மருமகள்:

பார்சல் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்துடுச்சு. ஒரு டப்பா மூடி மட்டும் விரிசலாம். முறுக்குல நாலஞ்சு உடைஞ்சிருக்கு, மீதி முழுசா இருக்கு. உருண்டையைக் கடிக்க முடியாம பஞ்சாப்காரர் ஒருத்தர் கல்லால தட்டித் தின்ன வீடியோ அனுப்பியிருக்காரு. மாமியார் அதை இதுவரைக்கும் ஆறு வாட்டி பாத்துட்டாங்க.