விலை கூடிய தலைக்கவசம் பேரனின் தலையைக் காக்குமா?

தேவகோட்டை ஆச்சி கேட்கிறார்:
டெக்சாஸில் பள்ளியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் இந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்திருக்கிறான். நம் ஊர்க் கால்பந்தைப் போலன்றி அங்கே ஒருவரையொருவர் முட்டித் தள்ளித்தான் ஆடுகிறார்கள். மஞ்சுவிரட்டில் தலையில் அடிபட்டவர் தாமே எழுந்து நடந்து வீடு வந்தபின் மயங்கி விழுந்ததைக் கண்ணால் கண்டவள் நான். பள்ளி கொடுத்த தலைக்கவசத்துக்குப் பதிலாக விலை கூடியதை வாங்கித் தரலாமா என்று மகள் கேட்கிறாள். பணத்தைப் பற்றி யோசிக்கவில்லை. விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா?

காரைக்குடியிலிருந்து ஒரு பொறியாளர்:
ஆச்சிக்கு வணக்கம். முற்றிக் காய்ந்த தேங்காயை ஆட்டினால் உள்ளே கொப்பரை குலுங்குமல்லவா? மட்டையும் நாரும் ஓடு உடையாமல் காக்குமே தவிர, அந்தக் குலுக்கலை நிறுத்தா. தலைக்கவசத்தின் நிலையும் ஏறக்குறைய அதுதான். 1968இல் மட்டும் அந்த ஆட்டத்தில் 36 பேர் அடிபட்டு இறந்தனர். அடுத்த ஆண்டே தரம் வகுக்க ஒரு குழு அமைந்து, 1973இல் தலைக்கவசத்துக்கான தரவிதி வந்தது. தலையை முன்னே நீட்டி மோதுவது 1976இல் தடைசெய்யப்பட்டது. கவசமும் விதியும் சேர்ந்து மாறியதால்தான் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன என்பது என் எண்ணம். மண்டையோடு உடைவது அருகிப்போனாலும், தலை சட்டெனத் திரும்பும்போது மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சியை எந்தக் கவசமும் முழுமையாகத் தடுப்பதில்லை. நம் இருசக்கர வாகனத் தலைக்கவசத்தின் தெர்மாகோல் ஒரு பெரிய அடிக்கு நசுங்கித் தன் வேலையை முடித்துக்கொள்ளும். இதில் உள்ள மெத்தையோ ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான மோதல்களைத் தாங்கி மீண்டும் உப்ப வேண்டும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2011 முதல் தலைக்கவசங்களைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகிறது. விலையை விட்டுவிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானில் பிறந்து ஹூஸ்டனில் வசிப்பவர்:
என் மகனுக்குப் பள்ளியில் கிடைத்தது முந்தைய ஆண்டு வேறொருவன் அணிந்தது. குனிந்தால் கண்ணை மறைக்கும் அளவுக்குத் தளர்வாக இருந்தது. எத்தனை நட்சத்திரம் வாங்கிய கவசமானாலும் தளர்ந்திருந்தால் பயனில்லை. முன்விளிம்பு புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். தாடைப்பட்டையைக் கட்டியபின் கவசத்தைத் திருப்பினால் நெற்றித்தோலும் கூடவே நகர வேண்டும். முடி வெட்டிய பிறகும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். உள்ளே ஒட்டியுள்ள சீட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும்; பத்தாண்டைத் தாண்டியதை வாங்கவே கூடாது.

பள்ளத்தூர் பிசியோதெரபிஸ்ட்:
ஆச்சி, பேரன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கேளுங்கள். முன்வரிசையில் நிற்பவர்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டத்தொடக்கத்திலும் மோதல் உண்டு. பெயர் தெரியாத அந்தச் சிறு அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல் எது வந்தாலும், அணியில் இடம் போய்விடுமோ என்று பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். மூளை அதிர்ச்சி என்று ஐயம் எழுந்தாலே மாணவனை வெளியேற்ற வேண்டும், மருத்துவர் எழுதித் தராமல் மீண்டும் இறக்கக் கூடாது என்று டெக்சாஸில் 2011 முதல் சட்டமே இருக்கிறது. பெற்றோர் கையெழுத்தும் அதற்கு வேண்டும். அவசரப்பட்டுப் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
மிக்க நன்றி. மகளிடம் பேசினேன். முன்வரிசையில்தான் நிற்கிறானாம். கவசத்தின் ஆண்டைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். தலைவலி வந்தால் முதலில் என்னிடம் சொல்வதாகப் பேரன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.