மறு: செயின் ஸ்லாக் – ‘சங்கிலித் தளர்வு’ போதுமா?

> ‘செயின் ஸ்லாக்’ என்பதற்குச் ‘சங்கிலித் தளர்வு’ என்றே போட்டுவிடலாம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இருக்கிறது ஐயா. ஏடிவி (மேடுபள்ளத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) பராமரிப்புக் கையேட்டின் வரைவில் ஒரே பக்கத்தில் இரண்டு வரிகள்: ‘சங்கிலித் தளர்வு 35 மி.மீ. இருக்க வேண்டும்.’ நாலு வரி தள்ளி, ‘சங்கிலித் தளர்வைக் கண்டால் உடனே நீக்குக.’ படிப்பவர் எதைச் செய்வார்? தளர்வே கூடாது என்று ஆக்ஸில் நட்டைத் திறந்து, செயினை வீணைத் தந்தி போல இழுத்து வைத்துவிடுவார்.

அப்படி வைத்தால் லூஸ் செயினைவிட மோசம். மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிக்கு ஸ்விங் ஆர்ம் (பின் ஆக்ஸிலைத் தாங்கும் கை) நிறையவே ஏறி இறங்கும். கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் கீல், பின் ஆக்ஸில் மூன்றின் மையங்களும் ஒரே கோட்டுக்கு வரும் நொடியில்தான் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம். அந்த நொடிக்கென்று செயினில் இடம் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங் அடிவாங்கும், பக்கத்து ஆயில் சீல் கசியும், சில நேரம் செயினே அறுந்துபோகும். பல்சக்கரத்தில் சேறு அடைத்துக்கொண்டால் இறுக்கம் இன்னும் கூடும். சாலை பைக்குகளைவிட இவற்றுக்கு அதிக இடம் விடச் சொல்வது இதனால்தான்.

ஆக, வேண்டுமென்றே விடுவது ஒன்று, கோளாறு வேறு. முன்னதற்குத் ‘தொய்வளவு’, பின்னதற்குத் ‘தளர்வு’ என்பது என் முன்மொழிவு. வெறும் ‘தொய்வு’ வேண்டாம். ‘பணிகளில் தொய்வு’ என்று நாளிதழ்கள் எழுதி எழுதி அது குறைச்சொல்லாகிவிட்டது. ‘அளவு’ சேர்ந்தால் அளக்க வேண்டிய ஒன்று என்று தெரியும்.

இதே வரைவில் எனக்கு இன்னும் உறுத்துவது ‘சங்கிலி நீட்சி’. பள்ளி இயற்பியல் படித்தவர் ரப்பர் இழுபடுவதைத்தான் நினைப்பார். செயினின் தகடு இழுபட்டு நீளுவது அற்பம். கண்ணிகளை இணைக்கும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உரசித் தேய்வதால் மூட்டுக்கு மூட்டு இடைவெளி கூடுகிறது. மூட்டுக்கு 0.1 மி.மீ. என்றாலும் 100 கண்ணிக்கு 10 மி.மீ. ஆகிறது. உருகுநிலை, கொதிகலன் போல வினைத்தொகையாகத் ‘தேய்நீட்சி’ என்றால் காரணம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். 520 என்ற அளவுச் செயினில் கண்ணியிடை (அடுத்தடுத்த இரண்டு பின்களின் மையத் தூரம்) 15.875 மி.மீ.; புதிதில் 20 கண்ணி 317.5 மி.மீ. வரும். தேய்நீட்சியை இந்த நீளத்தோடு ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும். அட்ஜஸ்டரைத் திருகித் தொய்வளவைச் சரிசெய்யலாம், தேய்நீட்சி போகாது.

---

> ‘தொய்வளவு’

பட்டறையில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. ‘செயின் தொங்குது’, ‘பல்லு தாவுது’ (செயின் பல்சக்கரப் பல்லைத் தாண்டி வழுக்குவது), இவ்வளவுதான். ‘தொங்கல்’ என்று வையுங்களேன். மெக்கானிக்குக்கும் புரியும்.

---

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு சொல். இஞ்ச தொய்வு எண்டால் ஆக்களுக்கு முதல் நினைவு வாறது ஆஸ்துமாதான். வாகனத்துக்குத் தொய்வு எண்டு எழுதினால் சிரிப்பினம். ஆனா ‘தொய்வளவு’ எண்டு மில்லிமீற்றரோட வந்தால் ஒருத்தரும் குழம்பமாட்டினம். எனக்குச் சம்மதம். ‘தேய்நீட்சி’ நல்லாயிருக்கு.

---

> ‘தொங்கல்’ என்று வையுங்களேன்

காதுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அளக்கும் முறையோடு ஒட்டவில்லை. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலே தள்ளி, கீழே இழுத்து, இரண்டு எல்லைக்கும் இடையே உள்ள மொத்தத் தூரத்தை எடுக்கிறோம். தொங்கல் என்றால் கீழே இறங்கியதை மட்டும் அளப்பார்கள். ‘செயின் தொங்குது’ என்பதைக் கோளாறுப் பட்டியலில், வண்டிக்காரர் சொல்லும் வாக்கியமாக, அப்படியே வைத்துக்கொள்ளலாம். ‘பல் தாவல்’ எனக்கு முழுச் சம்மதம். அதற்கு மேல் நல்ல சொல் கிடைக்காது.

இன்னொன்று விட்டுப்போயிற்று. தேய்மானம் எங்கும் ஒரே சீராக இருக்காது. சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் விறைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ‘இறுகிடம்’ என்கிறேன். இந்தச் சொல் இல்லாமல் செய்முறையை எழுதவே முடியவில்லை, ஏனென்றால் தொய்வளவை அங்கேதான் வைக்க வேண்டும். லூஸான இடத்தில் வைத்தால் இறுகிடம் வரும்போது பேரிங்தான் தாங்க வேண்டும்.

விளையாட்டு ஏடிவிகள் பலவற்றில் உள்ள எக்சென்ட்ரிக் ஹப்பை (திருப்பினால் பின் ஆக்ஸிலை நகர்த்தித் தொய்வளவை மாற்றும் உறுப்பு) இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். ‘மையவிலகு’ என்றால் மையவிலக்கு விசையோடு குழம்பும். மாற்று வைத்திருப்பவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.

திருத்திய பத்தி இது:

‘செயின் தொங்கினால் உடனே இறுக்காதீர்கள். வண்டியை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்தைச் சுற்றி இறுகிடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே தொய்வளவை அளந்து, உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவுக்குக் கொண்டுவாருங்கள். இறுகிடத்துக்கும் மற்ற இடங்களுக்கும் வேறுபாடு மிகுதியாக இருந்தாலோ, அட்ஜஸ்டர் கடைசிக் குறியைத் தொட்டிருந்தாலோ, பல்சக்கரப் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தாலோ, செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுங்கள்.’