மரியோ மெடல் கேம்: 300 மெடல் வென்றதாகத் திரை காட்டுகிறது, தட்டில் சில மெடல்களே விழுந்தன. உதவி தேவை

சைத்தாமா வாசி:
வணக்கம். ஜப்பானில் மெடல் கேம் (காசுக்குப் பதில் மெடல் எனும் உலோக வில்லைகளைப் போட்டு ஆடும் பெட்டி ஆட்டம்) ஆடிப் பழகியவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

என் மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் மரியோ பார்ட்டி என்ற வீடியோ கேம் ஆடுகிறவன். இங்குள்ள வணிக வளாகத்தின் கேம் சென்டரில் அதே மரியோ கூட்டத்தோடு ஒரு பெரிய மெடல் கேம் பெட்டியைக் கண்டதும் நகர மறுத்துவிட்டான். ஆயிரம் யென் போட்டு ஒரு கப் மெடல் வாங்கினோம். மேடை முழுக்க மெடல்கள், பின்னால் ஒரு பலகை முன்னும் பின்னும் போய்வந்து அவற்றைத் தள்ளுகிறது. நாம் போடும் மெடல் மேலிருந்து விழுகிறது.

திடீரென்று விளக்குகள் மின்ன, இசை முழங்க, திரையில் 300 என்று வந்தது. மகன் குதித்தான். ஆனால் கீழே தட்டில் வந்தவை ஒரு கைப்பிடிகூட இல்லை. சிறிது நேரத்தில் திரையில் ஏதோ அறிவிப்பு வந்து எல்லாம் நின்றும் போனது. பணியாளர் ஒருவர் வந்து சாவியால் பெட்டியைத் திறந்து, மெடல்களைக் கொட்டிவிட்டு, தலை குனிந்து வணங்கிப் போய்விட்டார். எனக்கு ஜப்பானிய மொழி அவ்வளவாக வராது. மீதி மெடல்கள் எங்கே போயின? மிச்சமிருப்பதை பொம்மையாக மாற்ற முடியுமா?

கணக்குப்புலி:
எங்கும் போகவில்லை, கடைக்காரர் வயிற்றுக்குப் போயிருக்கும். எவ்வளவு போட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை உள்ளே அவர்களே அமைத்துக்கொள்ளலாம். ஆயிரம் யென்னை மறந்துவிடுங்கள்.

நாகோயா நாடோடி:
கணக்குப்புலி, திருப்பித் தரும் விகிதத்தைக் கடை மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எத்தனை முறை பரிசு விழுகிறது என்பதைத்தான் தொடும். திரையில் காட்டிய முந்நூற்றைத் தராமல் விழுங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சைத்தாமா வாசி, நீங்கள் சொல்வது தள்ளுபலகை வகைப் பெட்டி. இந்த வகையில் பெரிய பரிசு பெரும்பாலும் நேராகக் கைக்கு வராது. மேடையின் மேலே கொட்டும். அங்கிருந்து பலகை தள்ளித் தள்ளி, முன் விளிம்பைத் தாண்டி விழுவதுதான் உங்கள் தட்டுக்கு வரும். இசை முழங்கிய பிறகு மேலிருந்து சரசரவென்று மெடல்கள் விழுந்தனவா? விழுந்திருந்தால் அவைதான் அந்த 300. மேடை முன்பைவிடக் குவியலாகத் தெரிந்திருக்குமே?

இன்னொன்று, மேடையின் இரு ஓரங்களிலும் இடைவெளி இருக்கும். அதில் விழுபவை கடைக்குச் சொந்தம். புதிதாக ஆடுகிறவர்கள் ஓரமாகக் குறி வைத்து இதில்தான் நிறைய இழப்பார்கள். நடுவை நோக்கிப் போடச் சொல்லுங்கள். பலகை பின்னால் போயிருக்கும் நேரம் பார்த்துப் போட்டால் மெடல் படுத்த நிலையில் விழுந்து, முன்னால் இருப்பதைத் தள்ளும். ஏற்கெனவே கிடப்பவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் அதனால் பயனில்லை.

பணியாளர் வந்தது வேறு விஷயம். பரிசு கொடுக்கும் கலத்தை ஹாப்பர் என்பார்கள். அதில் மெடல் தீர்ந்துவிட்டால் பெட்டி நின்று, பணியாளரை அழைக்கச் சொல்லும். எத்தனை கொடுத்தது, எத்தனை பாக்கி என்பது நினைவில் இருக்கும். நிரப்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நேரத்தில் எழுந்து போகாதீர்கள், கூடுதலாக மெடல் போடாதீர்கள், முக்கியமாகப் பெட்டியைத் தட்டவோ ஆட்டவோ கூடாது. அதிர்வு உணரி கத்தத் தொடங்கினால் அந்தப் பணியாளர் இரண்டாம் முறை அவ்வளவு பணிவாக வணங்க மாட்டார்.

சைத்தாமா வாசி:
சரியாகச் சொன்னீர்கள், மேலிருந்து கொட்டியது! நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன். நாங்கள் எழுந்த பிறகு மாணவர் ஒருவர் ஓடி வந்து அதே இருக்கையில் உட்கார்ந்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

நாகோயா நாடோடி:
அவர் கண் வைத்துக் காத்திருந்திருப்பார். அதில் தவறில்லை, மேடையில் விட்டுப் போனது அடுத்து உட்காருபவருக்கு. எல்லாம் விழும்வரை இருந்துவிட்டு எழுவதுதான் வழக்கம்.

ஒசாகா மீனா:
பொம்மைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மாற்ற முடியாது, சகோதரரே. பணமாகவும் முடியாது, பொருளாகவும் முடியாது. கேம் சென்டர்கள் பச்சிங்கோ (சிறு உலோகக் குண்டுகளை ஏவி ஆடும் ஆட்டம்) கடைகளோடு சேர்த்து ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. 1948-இல் வந்த அந்தச் சட்டத்தை 1984-இல் திருத்தியபோதுதான் கேம் சென்டர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பச்சிங்கோவில் பரிசுப் பொருள் தரலாம். கேம் சென்டரில் ஆட்டத்தின் முடிவுக்குப் பரிசு தரக் கூடாது. கொக்கியால் பொருளைத் தூக்கி எடுக்கும் கிரேன் பெட்டியில் பொம்மை போன்ற சிறு பொருள்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆக, மெடலால் செய்யக்கூடியது ஒன்றுதான்: மறுபடி ஆடுவது. ஆயிரம் யென்னை பூங்கா நுழைவுக் கட்டணம்போல் நினைத்துக்கொண்டால் வயிறு எரியாது.

பழைய ஆட்டக்காரன்:
இடையில் ஒரு தகவல். மரியோ நிண்டெண்டோவின் சொத்து என்றாலும் இந்த மெடல் பெட்டிகளைச் செய்தது கேப்காம் என்ற இன்னொரு ஜப்பானிய கேம் நிறுவனம். மரியோ பார்ட்டி 1998-இல் நிண்டெண்டோ 64 என்ற வீட்டுக் கருவிக்கு வந்தது. அதை ஒட்டி 2009-இல் கேப்காம் வெளியிட்ட ‘ஃபுஷிகி நோ கொரோகொரோ கேட்சர்’ இந்த வரிசையில் ஒன்று. வீட்டு ஆட்டத்தில் பகடையும் கட்டங்களும்தான் உயிர். இங்கே உயிர் மெடல் விழும் சத்தம். மகன் இரண்டும் ஒன்று என்று நினைத்து வந்தால் முதலில் ஏமாறுவான், பிறகு இதை விடமாட்டான்.

சைத்தாமா வாசி:
ஏமாறவில்லை, இப்போதே விடவில்லை. கப்பில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. நினைவாக இரண்டு மெடலை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்கிறான். மீதியை அருகிலுள்ள இன்னொரு கேம் சென்டரில் ஆடலாமா?

ஒசாகா மீனா:
இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். மெடல் நமக்கு விற்கப்படுவதில்லை, ஆடுவதற்காகக் கொடுக்கப்படுகிறது. வெளியே கொண்டுபோவது தடை என்று சுவரிலேயே எழுதியிருப்பார்கள். வேறு கடை மெடலைப் போட்டால் அளவு பொருந்தாமல் பெட்டி துப்பிவிடலாம். பொருந்தி உள்ளே போனாலோ இன்னும் சங்கடம், முத்திரை வேறு என்று பணியாளர் கண்டுபிடித்துவிடுவார்.

எடுத்து வைக்க வழி உண்டு. மெடல்களைக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளும் இயந்திரம் பல கடைகளில் இருக்கும். அட்டை, கடவு எண், சில இடங்களில் விரல் பதிவு. அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காலக்கெடு உண்டு, அதற்குள் போகாவிட்டால் மொத்தமும் அழிந்துவிடும். எத்தனை நாள் என்பது கடைக்குக் கடை வேறு. கவுன்ட்டரில் கப்பைக் காட்டி “அசுகெத்தாய் தெஸ்” (எடுத்து வைக்க விரும்புகிறேன்) என்று சொல்லுங்கள், பதிவுசெய்து தருவார்கள்.

கணக்குப்புலி:
நான் சொன்ன ‘கடைக்காரர் வயிறு’ அந்தக் காலக்கெடுதான் போலிருக்கிறது.

ஒசாகா மீனா:
அதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். சைத்தாமா வாசி, கடவு எண்ணை மட்டும் மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.