கல் சுவரில் ஏழு படம்: எப்படி மாட்டுவது?

கேள்வி
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமானுக்கு (கல் வீட்டுக் குடியிருப்புக்கு) வந்து மூன்று வருஷம் ஆச்சு. அம்மா காலத்துப் படங்கள் ஏழும் இன்னும் அலமாரி மேலதான் கிடக்குது. லயத்தில் பலகைச் சுவர், ஒரு ஆணி போதும். இங்கே ஆணி அடித்தேன், பூச்சு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பால் வாளியோடு பாட்டி நிற்கும் பெரிய படம் நடுவில் வரணும். எப்படி அடுக்குவது?

பதில்
அக்கா, ஆணியை விடுங்க. 6 மில்லிமீட்டர் துளை போட்டு, திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி முடுக்குங்க. சுவிட்சுக்கு நேர் மேலே துளைக்கவே வேண்டாம், உள்ளே வயர் ஓடும்.

பதில்
பழைய பேப்பரைப் படங்களின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, ரெண்டு நாள் பாருங்க. பாட்டி படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் இருக்கட்டும். மற்றவை அதைச் சுற்றி, 5 சென்டிமீட்டர் இடைவெளியில். பின்கயிற்றை மேலே இழுத்துப் பிடித்து, சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்குதுன்னு அளந்த பிறகே துளை போடுங்க. நான் அளக்காமல் போட்டு, மூன்று துளையை அடைத்தேன்.

கேட்டவர்
நன்றி. பாட்டியின் முகத்துப் பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கு. பிரிக்கலாமா?

பதில்
வேண்டாம்மா, பிய்த்தால் முகமே போயிடும்! கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்து, பிரதியை மாட்டுங்க. புதுச் சட்டத்தில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்க. சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் ஒட்டினால் காற்று போகும், பூஞ்சை குறையும்.