ககேத்தியில் எந்த ஒயினரிக்குப் போவது? ஒரே நாள்தான் இருக்கிறது

சார்ஜாக்காரன்:
செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் ஜார்ஜியா போகிறோம். ஒரு நாளை அங்கே ஒயினுக்குப் பேர்போன ககேத்தி வட்டாரத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். டூர்க்காரர் கொடுத்த பட்டியலில் ஏழு ஒயினரி! மண் தாழியில் பழைய முறையில் செய்கிற இடம் பார்க்க வேண்டும். அவள் குடிக்க மாட்டாள், சைவம் வேறு. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

மலைக்கோட்டை:
நான்கை இப்போதே வெட்டிவிடுங்கள் தம்பி. நான் ஒரே நாளில் ஐந்து இடம் போனவன். நான்காவதில் என்ன குடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. அதில் ஒன்று பஸ் பஸ்ஸாக ஆள் இறக்குகிற இடம். தாழி வாசலில் அலங்காரத்துக்கு நின்றது, ஊற்றியதோ ஸ்டீல் டேங்க் சரக்கு.

நீங்கள் கேட்கிற மண் தாழிக்கு அங்கே க்வெவ்ரி என்று பெயர். க்வெவ்ரி என்றால் அது மண்ணுக்குள் இருக்க வேண்டும். நம்ம ஊர் முதுமக்கள் தாழி மாதிரி கழுத்துவரை புதைத்திருப்பார்கள். தரையில் வாய் மட்டும்தான் தெரியும். உள்ளே தேன்மெழுகு பூச்சு. வெள்ளைத் திராட்சையைக்கூடத் தோல், கொட்டையோடு போட்டு ஐந்தாறு மாதம் மூடி வைப்பார்கள். நான் போனது ஏப்ரலில். தெலாவி பக்கம் ஒரு வீட்டில், பெரியவர் மூடியைச் சுற்றியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்தார். நீளக் கம்பில் கட்டிய சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டு கொடுத்தார். ர்க்காட்சிதேலி என்கிற வெள்ளைத் திராட்சை, ஆனால் நிறம் தேன். முதல் வாயில் நெல்லிக்காய் கடித்த மாதிரி துவர்த்தது. இரண்டாவது கிளாஸில்தான் பிடிபட்டது.

நீங்கள் போகும்போது ர்த்வேலி, அதாவது அறுவடை. பழம் தாழியில் நுரைத்துப் பொங்கும், மேலே மிதக்கிற தோலைக் கம்பால் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். நான் பார்க்காத பாதி அது. குடிக்கத் தருவது போன வருஷத்துச் சரக்காக இருக்கும். சின்ன இடங்களில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இடம் என்றால், அலாவெர்தி மடம். 11ஆம் நூற்றாண்டுக் கோயில், துறவிகளே ஒயின் செய்கிறார்கள். பக்கத்திலேயே நபரேவுலி கிராமத்தில் ட்வின்ஸ் என்கிற ஒயினரி: ஆள் உள்ளே நுழைகிற அளவுக்குப் பெரிய தாழி ஒன்று வைத்திருக்கிறார்கள், தங்கச்சிக்கும் பொழுது போகும். மூன்றாவதாகத் தெலாவி பக்கம் ஏதாவது ஒரு வீடு. போதும். சிக்னாகி ஊரைப் பார்க்க ஆசை இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே மட்டும் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் காரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

திபிலிசி மாணவி:
அலாவெர்திக்கு அக்காவைப் பாவாடையும் தலைக்குத் துணியுமாகக் கூட்டிப் போங்கள் அண்ணா. சாப்பாட்டுக்குக் கவலையில்லை: வால்நட் விழுது வைத்த கத்தரிக்காய், பீன்ஸ் வைத்த லோபியானி ரொட்டி எங்கும் உண்டு. டிரைவர் கட்டாயம் வையுங்கள், கொம்போரி மலைப்பாதை முழுக்க வளைவு. கடைசியில் "சாச்சா" என்று சின்னக் கிளாஸில் நீட்டுவார்கள். அது ஒயின் இல்லை, பிழிந்த சக்கையில் வடித்த சாராயம். பார்த்து!

சார்ஜாக்காரன்:
சரி, மடம், ட்வின்ஸ், ஒரு வீடு. சிக்னாகியை விட்டாச்சு. அண்ணே, அந்தப் பெரியவர் வீடு எந்தக் கிராமம்?

மலைக்கோட்டை:
அங்கேதான் சாச்சா குடித்தேன் தம்பி, ஊர் பெயர் மறந்துவிட்டது. டிரைவருக்குத்தான் தெரியும்.