பஞ்சாயத்தே இல்லாத மேகாலயாவில் ஊரை நடத்துவது யார்?

செந்தில்: அரசமைப்பின் 243எம் பிரிவின்படி மேகாலயாவுக்குப் பஞ்சாயத்து ராஜ் பொருந்தாது. காசி மலைகளில் (வாரணாசி இல்லை, பழங்குடிக் காசி) சியெம், ஊர்த்தலைவர் என்கிறார்கள். மாவட்ட கவுன்சிலும் இருக்கிறது. யாருக்குக் கீழே யார்?

கயல்: கீழிருந்து பாருங்கள். ஊருக்குப் பெயர் ஷ்னோங், தலைவர் ரங்பா ஷ்னோங். பல ஊர் சேர்ந்தால் ராயிட், பல ராயிட் சேர்ந்தால் ஹிமா. ஹிமாவின் தலைவர்தான் பெரும்பாலும் சியெம். அவரை ‘அரசர்’ என்று எழுதுவதால்தான் குழப்பமே. உரிய குலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர் அவர். தர்பார் (மரபுச் சபை) ஒப்பாமல் எதுவும் செய்ய முடியாது, நிலமும் அவருடையதல்ல.

இவர்களுக்கு மேலே, பழங்குடிப் பகுதிகளுக்கான அரசமைப்பின் ஆறாவது அட்டவணைப்படி அமைந்த காசி மலைத் தன்னாட்சி மாவட்ட கவுன்சில். உறுப்பினர் 30 பேர். 29 பேர் தேர்தலில் வருவார்கள், ஒருவர் நியமனம். தலைவர்களின் நியமனம், நீக்கம் பற்றிய சட்டம் 1959-இல் வந்தது. மிலியெம் என்ற ஹிமாவின் சியெம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் கவுன்சில் பக்கமே நின்றது. ஆக, மரபு தேர்ந்தெடுக்கிறது, கவுன்சில் அங்கீகரிக்கிறது.

இளங்கோ: சிக்கல் முளைப்பது ஊர்த்தலைவர் தரும் கடிதத்தில். இன்னார் இந்த ஊர்க்காரர் என்று சொல்ல அங்கே ரங்பா ஷ்னோங்கை விட்டால் ஆளில்லை. அலுவலகங்களும் அவர் கையெழுத்தையே கேட்டுப் பழகிவிட்டன. சட்ட அதிகாரம் இல்லாமல் தடையின்மைச் சான்று தரக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னதும் எல்லாம் தடுமாறியது.

இன்னொன்று: குலமும் சொத்தும் தாய்வழி, கடைசி மகளுக்கே பூர்வீக வீடு. ஆனால் மரபுப்படி ஊர் தர்பாரில் ஆண்கள் மட்டும். நூறு நாள் வேலைக்கு அதே ஆண்கள் சபை போதாது என்பதால் கிராம வேலைவாய்ப்புக் குழுவைத் தனியாக அமைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒரே ஊரில் இரண்டு சபை!

செந்தில்: வழக்கு, நிலம்?

கயல்: இரு தரப்பும் பழங்குடியினராக இருந்தால்தான் ஊர் நீதிமன்றம், ஒருவர் வெளியாள் என்றாலே அங்கே எடுபடாது. நிலத்தில் ரி கிந்தி குலத்துக்கோ தனியாருக்கோ உரியது. ரி ராயிட் பொதுநிலம். உழுது பயன்படுத்தலாம், தரிசாகப் போட்டுவிட்டால் ஊருக்கே திரும்பும். ரி ராயிட் மனையை ‘சொந்தம்’ என்று விற்பதில்தான் தகராறு அதிகம். பழங்குடி அல்லாதவருக்கு நிலத்தை மாற்றுவதென்றால் பொதுவாக 1971 நில மாற்றச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சியெம் கையெழுத்து மட்டும் போதாது.